உப்புத் தண்ணி கேன்

கிருமிக்கே கிருமி தொத்தும் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோபயாலஜி லேபில் குப்பை கொட்டுகிறவன், இதற்கென்று டிப்ளமோ வாங்கி சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறவன், நம்பினேன். எந்த மருந்துக்கும் சாகாத பேய்க் கிருமி ஒன்று எங்கேயோ கிளம்பி, மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்கில்கூட மாட்டாமல் நேராக எங்கள் லேபுக்கு வந்துவிட்டது. வந்ததும் இல்லாமல் ஃபிரிட்ஜில் சிவனே என்று கிடந்த எங்கள் கன்ட்ரோல் கிருமியையும் தொட்டுக் கெடுத்துவிட்டது என்று நம்பினேன். அடுத்தது நான்தான் என்றும் நம்பினேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசி நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்தது.

எங்கள் ஆஸ்பத்திரி தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு ஒரு தெரு உள்ளே இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரி. லேப் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் பாத்ரூமுக்கும் இடையில். சீழ், சளி, சிறுநீர் என்று எது வந்தாலும் அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்கு அகார் என்று ஒரு ஜெல்லி. பவுடராக வரும். தண்ணீரில் கலக்கி, பெரிய குக்கர் மாதிரி இருக்கிற ஆட்டோகிளேவில் வேக வைத்து, வட்டத் தட்டுகளில் ஊற்றினால் உறைந்து நிற்கும். அதன்மேல் கிருமியைத் தேய்த்து, மருந்து நனைத்த காகித வில்லைகளைப் பொட்டு பொட்டாக வைத்துவிட வேண்டியது. மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறும் இடம் இருக்கும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து மில்லிமீட்டரில் எழுதுவேன். வட்டம் பெரிசானால் மருந்து கேட்கும். சிறிசானால் கேட்காது. நான் எழுதுகிற அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாடியில் டாக்டர் ஊசி எழுதுவார்.

அகார் கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். எங்களிடம் வடிக்கிற மெஷின் இருந்தது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழாய் வாயில் வெள்ளைப் பூ பூக்கிற தண்ணீர். தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார். மெஷினுக்குள் சுண்ணாம்பு ஏறி ஏறி, கம்பிச் சுருள் ஒரு நாள் டப்பென்று போயிற்று. நிர்வாகம், "இனிமே கேன்லயே வாங்கிக்குங்க" என்றது. பம்மலில் பேட்டரிக் கடைகளுக்கெல்லாம் வடித்த தண்ணீர் போடுகிற ஆள் எங்களுக்கும் போட ஆரம்பித்தார். அதே நீலக் கேன். குடிக்கிற தண்ணீர் வருகிற கேனுக்கும் இதற்கும் பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது.

வித்தியாசம் இல்லாததால் ஆஸ்பத்திரியே வந்து குடித்தது. நர்ஸுகள், வாட்ச்மேன், எக்ஸ்ரே அண்ணன், கைக்குழந்தையோடு வெளியே காத்திருக்கிறவர்கள். குடிப்பதோடு விட்டார்களா? "இன்னா சார் உங்க தண்ணி, சப்புனு கீது" என்று வாட்ச்மேன் புகார் வேறு. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அப்புறம் என் மூளை வேலை செய்தது. ஒரு அட்டையில் மார்க்கரால் கொட்டை எழுத்தில் "உப்புத் தண்ணி. குடிக்காதீங்க" என்று எழுதி அந்தக் கேனில் ஒட்டினேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கேன் உண்டு. பழைய தண்ணீர்க் கேனில் போர் தண்ணீர் பிடித்து, கை கழுவ, தரை துடைக்க மூலையில் வைத்திருப்பார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். அன்றிலிருந்து என் கேனையும் யாரும் தொடவில்லை. நல்ல தண்ணீரைக் கெட்ட பெயரில் ஒளித்துவைத்த என் சாமர்த்தியத்தை எதிர் டீக்கடையில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பழைய துப்புரவு அம்மாவுக்கும் விஷயம் தெரியும். அவரும் சிரித்தார். அவர் வேலையை விட்டு நின்று, புதிதாக ஒரு அக்கா வந்தார். புது அக்காவிடம் அந்த ஜோக்கைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

டீக்கடை அக்காவைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே தள்ளுவண்டிக் கடை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் இல்லை. ஒரே பெண் சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் கணக்குப் பார்க்கிறாள். அக்காவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அந்தச் சர்க்கரையோடுதான் ஊருக்கெல்லாம் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். என்னை "கிருமி சார்" என்பார். நான் கிளாஸைத் தொட்டால், "இரு, கைய கழுவினியா, உன் பூச்சியெல்லாம் என் கடைல மேய வுடாத" என்பார். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டிய தொழில். அவரிடம் இருந்த முதலே அந்த இரண்டு கால்தான்.

ஒரு நாள் கொதிக்கிற பால் பொங்கி அவர் வலது கால் கட்டை விரலில் வழிந்திருக்கிறது. சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்வு இருக்காது. அக்கா மாலையில் செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தாராம். பார்த்தும் மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு பத்து நாள் கடை போட்டார். பச்சையாகச் சீழ் வந்த பிறகுதான் ரோட்டைத் தாண்டி எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார்.

அந்தப் புதன்கிழமை சீழ் எடுக்க வார்டுக்கு நானே போனேன்.

"கிருமி சார், என் கால்ல இன்னா பூச்சி கீதுன்னு கரெக்டா பாத்து சொல்லு. விரலோட போச்சின்னா போவட்டும். காலு வேணும் எனக்கு. நின்னாத்தான் டீ."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேங்க்கா. உங்க பூச்சியோட ஜாதகமே எடுத்துக் கொடுக்கறேன்."

சிரித்தார். கட்டுப் பிரித்த வாடையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தேன்.

அந்த வாரம் தொடங்கும்போதே நான் பாதி செத்துப்போயிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு முந்தின சனிக்கிழமை புதிதாக ஒரு ஈடு தட்டு ஊற்றியிருந்தேன். வேக வைத்து எடுத்தபோது அடியில் லேசாக ஒரு வெண்புகை மாதிரித் தெரிந்தது. பவுடர் பழசோ என்னவோ என்று ஊற்றிவிட்டேன். திங்கட்கிழமை கன்ட்ரோல் போட்டேன். கன்ட்ரோல் என்பது எல்லா லேபிலும் வைத்திருக்கிற குணம் தெரிந்த கிருமி. அதற்கு எந்த மருந்தில் எத்தனை மில்லிமீட்டர் வட்டம் வரவேண்டும் என்று அட்டவணை உண்டு. வந்தால் தட்டு சரி. வராவிட்டால் தட்டில் கோளாறு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம்.

அமிக்காசின் என்ற மருந்துக்கு இருபதுக்குக் குறையாமல் வரவேண்டும். மறுநாள் பார்த்தால் பதினைந்து வந்தது. அதன் உறவுக்கார மருந்து ஜென்டாமைசினும் படுத்துவிட்டது. மற்ற மருந்துகளெல்லாம் அச்சாக அட்டவணைப்படி இருந்தன.

அதே நாள் காலையில் இரண்டு நோயாளிகளின் தட்டைப் படித்திருந்தேன். சூடோமோனாஸ் என்கிற கிருமி, பச்சைச் சீழ் வர வைப்பது, எங்கள் கன்ட்ரோலும் அதே ஜாதிதான். இரண்டிலும் இதே இரண்டு மருந்து கேட்கவில்லை. வாரக் கடைசிக்குள் இன்னும் இரண்டு பேர். எல்லாம் அதே மாதிரி.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் தட்டைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் உலகத்தைச் சந்தேகப்பட்டேன். பேய்க் கிருமி வந்துவிட்டது, நோயாளியிடமிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து கன்ட்ரோல் குப்பிக்கு என்று மனசுக்குள் ஒரு வழித்தடமே போட்டுவிட்டேன். கன்ட்ரோலைக் கெடுத்தவன் நான் என்றால் லேபை மூடுவார்கள், பேப்பரில் வரும், பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். அந்த வாரம் தரச் சோதனைக்கு ஆள் வருவதாகவும் இருந்தது. ரெஜிஸ்டரைத் திறந்தேன். பதினைந்து என்று எழுத வேண்டிய கட்டத்தில் இருபத்திரண்டு என்று எழுதினேன். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. போன வாரத்து உண்மை.

வீட்டில் என் கூத்தைக் கேட்கவேண்டாம். செருப்பைத் தெருவிலேயே விட்டேன். மூன்று நாளில் ஒரு செருப்பை நாய் கொண்டுபோயிற்று. அந்த நாய்க்காகவும் கவலைப்பட்டேன். வந்தவுடன் பின்பக்கமாகப் போய் சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தனித் தட்டு, தனி டம்ளர். ஹாலில் பாய் போட்டேன்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றபடி கேட்டாள்.

"ஏங்க, என்ன விரதம் இது? நம்ம கிறிஸ்தவங்கதானே?"

"கிட்ட வராத. லேப்ல ஒரு கிருமி வந்திருக்கு. எதுக்கும் சாகாது."

"எதுக்கும் சாகாதா? எங்க ஹெச்.எம். மாதிரியா?"

"சிரிக்காத. கன்ட்ரோலையே புடிச்சிருச்சு."

"சரி. மேடம்கிட்ட சொன்னீங்களா?"

நான் சோப்பைத் தேட உள்ளே போய்விட்டேன்.

மேடம் என்பது எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டர். வாரத்தில் மூன்று நாள் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கேள்வி கேட்கிற பழக்கமுள்ளவர். மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டது ஞாயிறு. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமையே மேடம் கேட்டுவிட்டிருந்தார், நானும் பதில் சொல்லிவிட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில்தான் டீக்கடை அக்காவின் தட்டைப் படித்தேன். சூடோமோனாஸ். அமிக்காசின், பதினான்கு மில்லிமீட்டர். பதினேழு இருந்தால் கேட்கும். பதினான்கு என்றால் கேட்காது. ஸ்கேலைத் திருப்பி வைத்து அளந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் அளந்தேன். அக்காவுக்காக ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் பார்த்தால்கூடப் பதினைந்துதான்.

மேடம் ஐந்து ரிப்போர்ட்டையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார்.

"அஞ்சுலயும் இந்த ரெண்டு மருந்து மட்டும் அடிவாங்கியிருக்கே. கன்ட்ரோல் ஓகேவா?"

"ஓகே மேடம்."

"எவ்வளவு வந்துது?"

"இருபத்திரெண்டு மேடம்."

ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்தில் இருபத்திரண்டு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக என்னைத் தெரிந்தவர் வேறு. கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குப் பென்சிலின் வகை மருந்து எதுவும் ஆகாது. முன்னே ஒரு தடவை ஊசி போட்டதில் முகம் வீங்கி மூச்சு முட்டி, தாம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தவர். அந்த வகையையும் அதன் சொந்தபந்தங்களையும் டாக்டர் தொடமாட்டார். மாத்திரையாகக் கொடுக்கிற இன்னொன்றுக்கு அவர் கிருமி நிஜமாகவே கேட்கவில்லை. மீதி இருந்தது அமிக்காசின். அதைத்தான் நான் கேட்காது என்று எழுதிக்கொடுத்திருந்தேன். கடைசியாக ஒரு பழைய மருந்து உண்டு, கிட்னியைத் தின்கிற மருந்து. அதை ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமைக்குள் கருப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. சர்ஜன் கீழே இறங்கி லேபுக்கே வந்து கேட்டார்.

"வேற எதுவுமே கேக்கலையா? நல்லா பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"அப்ப வெயிட் பண்ண முடியாது. உயிர் போயிடும். முட்டிக்குக் கீழ எடுத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தார்கள். மதியம் வார்டு பாய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வெட்டின இடத்திலிருந்து ஒரு துண்டு எலும்பு, கிருமி மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்க. டப்பாவில் அக்காவின் பேர் எழுதியிருந்தது. பேருக்கு முன்னால் யாரோ மறக்காமல் "திருமதி" போட்டிருந்தார்கள். நான் கையுறை மேல் கையுறையாக மூன்று ஜோடி போட்டுக்கொண்டு அந்த எலும்பைத் தட்டில் தேய்த்தேன். அப்போதும், கடவுளே, அது என்மேல் தெறித்துவிடக்கூடாது என்றுதான் வேண்டினேன். அக்காவுக்காக வேண்டியிருக்கலாம். தோன்றவில்லை.

வியாழக்கிழமை தட்டு தீர்ந்துபோயிற்று. காலை ஏழரைக்கே வந்து பவுடரை எடைபோட்டு, உப்புத் தண்ணி கேனின் மூடியைத் திறந்தேன். கையில் ஹோஸ் பைப்போடு புது துப்புரவு அக்கா உள்ளே வந்தார்.

"அண்ணா, மூடாத, இரு. மோட்டார் ஓடிகினு கீது. நிறுத்தறதுக்குள்ள ரொப்பிட்டுப் பூடறேன்."

"எதை?"

"இத்தத்தான். உப்புத் தண்ணி கேனு. பாத்ரூம் கேனு ரொப்பியாச்சு. இது ஒண்ணுதான் எப்போ பாரு பாதி காலியா கெடக்குது. இன்னா பண்ற இத்த வச்சிகினு, குளிக்கிறியா?"

நான் அவரையே பார்த்தேன்.

"எத்தினி நாளா ரொப்புறீங்க?"

"நான் வந்ததுலர்ந்து, ரெண்டு வாரமா. மோட்டார் போட்டா ரொப்பிடுவேன். நீ ஒரு நாளாச்சும் கேட்டியா, யாரு ரொப்புறதுன்னு?" அட்டையைக் காட்டினார். "இன்னா அண்ணா அப்படிப் பாக்குற? எழுதி வச்சிக்கீறியே பெருசா. எனக்குப் படிக்கத் தெரியும்ணா."

லேபில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று சுவரில் போர்டு மாட்டினவன் நான். கேனுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடலோரத்தில் பிறந்த ஆளுக்கு உப்பு தெரியாதா? தெரிந்தது. காலியான கேனைப் பம்மல்காரர் எடுத்துக்கொண்டு புதுக்கேன் வைக்கும்போதெல்லாம் நான் அட்டையை மட்டும் பத்திரமாக மாற்றி ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் கேன் தீரவே இல்லை என்பதையும் கவனித்திருந்தேன். மனைவியிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது, "நான் போட்ட ஐடியாவால தண்ணி எவ்ளோ மிச்சம் பாரு" என்று.

மேடம் வருகிற நாள் இல்லை அது. போன் போட்டேன். "மேடம், கன்ட்ரோல் இருபத்திரெண்டு இல்ல. பதினஞ்சு" என்றேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். நான் மொத்தத்தையும் சொன்னேன், அட்டையைக் காட்டினேன், பேய்க் கிருமிக் கதையையும் சொன்னேன். எப்போதும் என் ஜோக்குக்கு உதட்டையாவது அசைப்பவர். அசைக்கவில்லை.

"தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் ஏறினா சூடோமோனாஸுக்கு என்ன ஆகும்?" என்றார்.

வாய் தன்னால் ஒப்பித்தது. டிப்ளமோ பரீட்சையில் வந்த கேள்வி. பத்துக்கு எட்டு வாங்கியிருந்தேன். அந்தக் கிருமிக்குத் தண்ணீரில் கரைந்திருக்கிற இந்த உலோக உப்புகள் துளியளவு வேண்டும். அதன் வெளித்தோலையே அவைதான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அமிக்காசினும் ஜென்டாமைசினும் உள்ளே நுழைவதற்கு முதலில் வந்து ஒட்டுவது தோலில் அதே இடத்தில்தான். பம்மல் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொண்டால் போதும். எட்டு பேர் ஏற்கெனவே அடைத்து உட்கார்ந்துவிட்டால் ஒன்பதாவது ஆள் ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான். ஆள் நல்ல ஆள்தான், ஏற இடம் இல்லை, அவ்வளவே. தண்ணீரில் உப்பு கூடினால் இந்த இரண்டு மருந்தின் வட்டம் மட்டும் சுருங்கும், மற்ற மருந்துகள் அப்படியே இருக்கும். குறைந்தால் இதுவே தலைகீழ், கேட்காத மருந்தும் கேட்கிற மாதிரி வட்டம் பெரிதாகும். அதனால்தான் பவுடர் செய்கிறவர்கள் அளந்து போட்டுத் தருகிறார்கள். அதனால்தான் தண்ணீரில் எதுவும் இருக்கக்கூடாது. அடியில் தெரிந்த வெண்புகை, வீட்டுக் குழாயில் பூக்கிற அதே வெள்ளை.

"தெரிஞ்சிருக்கே" என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அவரே டிரைவரை அனுப்பி, மெடிக்கல் கடையிலிருந்து ஊசிக்குப் போடுகிற சுத்தத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக வாங்கிவரச் சொன்னார். புதிய ஈடு ஊற்றினேன். இந்த முறை கண்ணாடி மாதிரி இருந்தது. கன்ட்ரோலைப் போட்டேன். ஐந்து நோயாளிகளின் கிருமியும் ஃபிரிட்ஜில் இருந்தது, அதையும் போட்டேன். எலும்பிலிருந்து வளர்ந்ததையும் போட்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் செருப்போடு உள்ளே நுழைந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "என்ன, உங்க கிருமி செத்துப்போச்சா?" என்றாள். அது உயிரோடு இருந்ததே இல்லை என்று சொல்லாமல் கை கழுவப் போனேன். அவள் போட்ட தட்டில், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் படித்தோம். கன்ட்ரோல் இருபத்திரண்டு. பொய்யாக எழுதின அதே எண். மேடம் ரெஜிஸ்டரில் திங்கட்கிழமைக் கட்டத்தில் என் இருபத்திரண்டை ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் பதினைந்து என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

மற்ற நான்கு பேருக்கும் மேடம் தானே போன் செய்தார். மூன்று பேர் வேறு மருந்தில் குணமாகிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மருந்தை மாற்றினார்கள். ஐந்தாவது ரிப்போர்ட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் போனோம். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இது சனிக்கிழமை வந்திருந்தா முதல்ல விரலோட நிறுத்திட்டு மருந்து போட்டுப் பார்த்திருப்பேன்" என்றார். தாளை மடித்துக்கொண்டே, "அப்பவும் கால் நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ரத்த ஓட்டமும் மோசம் அவங்களுக்கு" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். துப்புரவு அக்காவுக்கும் கொடுக்கப் பார்த்தார்கள். மேடம் விடவில்லை. அந்த அக்கா செய்ததெல்லாம் எழுதியிருந்ததைப் படித்து அதன்படி நடந்தது.

சனிக்கிழமை வார்டுக்குப் போனேன். மேடமும் வருவதாகச் சொன்னார். நான் முதலில் போகிறேன் என்றேன். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதியில் தட்டையாகவும் இருந்தது. மகள் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமல், ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா கிருமி சார்" என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "இன்னா, ஜாதகம் தப்பாப் போச்சு?"

ஜாதகம் எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னதை வைத்துத்தான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கமாக இந்த மாதிரி எடுத்துக் கொடுத்தால் நான் விடவேமாட்டேன்.

"ஆமாங்க்கா. தப்பாத்தான் போச்சு."

நின்றுகொண்டே சொன்னேன். கேன், அட்டை, ரொப்பினது, பதினைந்தை இருபத்திரண்டாக எழுதினது, எல்லாம். தண்ணீரில் உப்பு இருந்தால் வட்டம் சுருங்கும் என்பதை விளக்க ஆரம்பித்தேன். மகள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கதவு தானாக மூடுகிற கதவு, அது மெதுவாக மூடியது.

அக்கா ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த கேனு கதைய என் கடைல வந்துதான சொன்ன? நல்ல தண்ணிய ஒளிச்சு வச்சிக்கீறேன்னு?"

"ஆமாங்க்கா."

"நானும் சிரிச்சேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. மழுப்பாம சொல்லு. அந்த மருந்து போட்டிருந்தா என் காலு இருந்திருக்குமா?"

"தெரியாதுக்கா."

"பூச்சி செத்திருக்குமா?"

அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மேடம் பக்கத்தில் நிற்க, ஸ்கேல் வைத்து அளந்திருந்தேன். அவர் சீழிலிருந்து வளர்ந்த கிருமிக்கு அமிக்காசின் வட்டம் பத்தொன்பது மில்லிமீட்டர். எலும்பிலிருந்து வளர்ந்ததற்கும் பத்தொன்பது. மருந்து கேட்டது. காலை எடுத்து அப்போது மூன்று நாள் ஆகியிருந்தது.